அக்காவின் ரெக்கார்டுக்கு ஒரு பிளேயர்

போன வருஷம் ஆவணி மாதம் அக்கா போன் பண்ணினாள். ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகள் வீட்டோடு ஒரேயடியாகப் போய்விடப் போவதாகவும், அதற்கு முன்னால் நவராத்திரியில் வலியசாலைக்கு வந்து எங்கள் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டுப் போவதாகவும் சொன்னாள். எழுபத்து மூன்று வயதில் ஒருத்தி 'ஒரேயடியாக' என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று நாளுக்குள் நான் அவளுக்கு ஒரு ரெக்கார்டைப் போட்டுக் காட்ட வேண்டும். வீட்டில் ஓடுகிற பிளேயர் இல்லை.

அந்த ரெக்கார்ட் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்போது அவளுடைய பாட்டு வாத்தியார் ஆறு பெண்களை ரயிலில் மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போய், யாரும் பெயர் கேட்டிராத ஒரு கம்பெனியில் சின்ன ரெக்கார்ட் ஒன்று போட்டார். பாட்டும் அவரே கட்டியதுதான். ஒரு பக்கம் ஆறு பேரும் சேர்ந்து பாடுவார்கள். மறு பக்கம் அக்கா மட்டும், மூன்றரை நிமிஷம். கம்பெனி அடுத்த வருஷமே மூடிவிட்டது, வாத்தியாரும் போய்ச் சேர்ந்தார். மற்ற ஐந்து வீட்டிலும் விசாரித்துப் பார்த்தாயிற்று. ஒரு வீட்டில் அதன்மேல் கொதிக்கக் கொதிக்க ரசப் பாத்திரத்தை வைத்து வளைத்துவிட்டார்களாம். கடைசியில் மிஞ்சியது எங்கள் வீட்டில் இருக்கிற ஒன்றுதான்.

எங்கள் தெருவில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கோயிலில் கச்சேரி முடிந்து செருப்பு மாட்டிக்கொள்கிற இடத்தில் ஆண்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு வாக்கியம், நீட்டக் கூடாது. 'நன்றாக இருந்தது' என்று சொல்கிறவனை மந்தம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு மனுஷன் முப்பது வருஷம் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கற்றதை ஏழெட்டு வார்த்தையில் கவிழ்த்துக் காட்டுகிறவன்தான் ரசிகன். பத்தொன்பது வயதிலேயே நான் அதில் கெட்டிக்காரன். தலை நரைத்தவர்கள்கூட "இவன் என்ன சொல்றான் கேளு" என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காக எத்தனை பேரைக் கவிழ்த்தேனோ, ஞாபகமில்லை.

ரெக்கார்ட் வந்த அன்று அப்பா புதிதாக வாங்கியிருந்த பிளேயரைக் கூடத்தில் வைத்துத் தெருவையே கூப்பிட்டார். அக்கா அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டு நன்றாக இருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? "ரேடியோல நெல்லு வெலை சொல்றவா திடீர்னு பாட ஆரம்பிச்ச மாதிரி இருக்கு" என்றேன். கூடமே குலுங்கியது. அப்பாவும் சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

அதற்கப்புறம் அவள் வாயைத் திறந்து ஒரு வரி பாடவில்லை. அடுத்த தை மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் வழக்கம்போல "குழந்தை ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்று கேட்டபோது, "எனக்குப் பாட்டு வராது" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்யாணமாகி நாக்பூர் போனபோது ரெக்கார்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதற்கப்புறம் அதை அவள் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. அவளை ஒரே ஒரு தரம் கேட்க வைத்துவிட வேண்டும், அது எவ்வளவு நல்ல பாட்டு என்று அவள் காதாலேயே அவளுக்குத் தெரிந்துவிட வேண்டும், அதற்கப்புறம் அவள் எந்தக் கண்டத்துக்கு வேண்டுமானாலும் போகட்டும் என்று நினைத்தேன்.

இதை என் மகனிடம் சொன்னேனே, அதைச் சொல்ல வேண்டும். அவன் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். பாட்டுக்கும் அவனுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆனால் சொன்னதும் துள்ளிவிட்டான். "அப்பா, வினைல் ரெக்கார்ட் இப்போ பயங்கர ட்ரெண்டாக்கும்!" என்று அன்றைக்கே பதினைந்து வீடியோ அனுப்பினான். ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஒருத்தன் அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறான், பிரிக்கிறான், இருபது நிமிஷம் பிரிக்கிறான். பிறகு ஊசியைப் பத்து செகண்டு வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "வாவ்" என்றான். எல்லா வீடியோவிலும் 'ஆரம்ப நிலையினருக்கு' என்று போட்டிருந்தது. அப்பா பிளேயர் வாங்கிய நாளிலிருந்து ரெக்கார்ட் போட்டவன் நான். நான் ஆரம்ப நிலையாம்.

இருந்தாலும் அக்காவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு கழக்கூட்டம் போனேன். அவன் சிநேகிதன் ஒருத்தன் புது பிளேயர் வாங்கியிருக்கிறானாம், கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாமாம். ஹைவேயில் பாலம் கட்டுகிறார்களோ இடிக்கிறார்களோ, ஒரு மணி நேரம் லாரிகளுக்கு நடுவில் நின்றோம். பதினோராவது மாடியில் ஃபிளாட். உள்ளே நாலைந்து தாடிகள். சுவரெல்லாம் ரெக்கார்ட். எடுத்துப் போடுவதற்கு இல்லை, ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். நடு ஓட்டையில் ஆணி! எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது.

பிளேயர் ஆகாச நீலத்தில் சின்ன சூட்கேஸ் மாதிரி இருந்தது, மூலைக்கு மூலை பித்தளைப் பூண். ஸ்பீக்கரும் உள்ளேயே. அந்த வீட்டுக்காரப் பையன் மெனக்கெட்டுக் காபி கலந்து கொடுத்து, "டிஜிட்டல்ல இந்த ஒரு வார்ம்த் கிட்டாது அங்கிள்" என்றான். கதகதப்பு வேண்டுமானால் கம்பளியைப் போர்த்திக்கொள்ளட்டும், பாட்டில் எதற்கு? நான் பரீட்சைக்கென்று கொண்டுபோன பழைய நாகஸ்வர ரெக்கார்டை எடுத்துக் கொடுத்தேன். தவில் ஒரு அடி பலமாக விழுந்ததும் ஊசி எகிறி அடுத்த வரிக்குப் போயிற்று. மறுபடி வைத்தான், மறுபடி எகிறியது. அவன் கொஞ்சமும் அசரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஊசித் தலைமேல் வைத்தான். "இப்போ செரியாகும் அங்கிள்."

ஏற்கெனவே அந்த ஊசி கனம். ஊசியைத் தாங்குகிற கையைத் தூக்கிப் பார்த்தேன், கனத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு திருகுகூடக் கிடையாது. அதன்மேல் காசு வேறு! அக்காவின் ரெக்கார்டை அதன்கீழ் வைத்தால் பாட்டைக் கேட்பதற்கு முன்னாலேயே உழுது எடுத்துவிடும். உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது, அதில் இந்தக் கண்றாவியா? "இது பாட்டுப் போடற பொட்டி இல்லைடா, தேங்கா துருவற பொட்டி" என்றேன். தாடிகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. அந்தப் பையனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மூடியைச் சாத்தி, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

திரும்பி வரும்போது கார் ஸ்ரீகாரியம் தாண்டியதும் மகன் சொன்னான்: "அவன் அதை எத்தற ஆசையா வாங்கினான் தெரியுமாப்பா? ஒன்னைக் கூட்டிண்டு வரேன்னதும் காலம்பற எழுந்து வீட்டைப் பெருக்கி வெச்சிருக்கான்."

"நான் பொய்யா சொன்னேன்?"

"பொய் இல்லை. ஆனா அதைச் சொல்லியிருக்க வேண்டாமே" என்றான். பிறகு தன் பிடியை விடாமல், இதைவிட நல்லதாக இன்னொரு மாடல் இருக்கிறது, அதுவும் ஆரம்ப நிலைதான், ஆனால் ஊசிக் கைக்குப் பின்னால் கனத்தைச் சரிசெய்கிற குண்டு உண்டு, ரெக்கார்டுக்கு ஒன்றும் ஆகாது என்று விளக்கினான். அவன் சொன்னது அத்தனையும் நியாயம். அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது. "பிளாஸ்டிக் பொம்மையெல்லாம் வேண்டாம். அப்பாவோட பிளேயரை ரிப்பேர் பண்ணிக்கறேன்" என்றேன்.

அப்பாவின் பிளேயர் மச்சில் இருந்தது. இருபது வருஷமாக அது வெளியே வருவது சரஸ்வதி பூஜைக்கு மட்டும்தான். புஸ்தகங்களோடு அதையும் துடைத்து வைத்து, எல்லாவற்றுக்கும் இடுவதுபோல் அதற்கும் சந்தனம் குங்குமம் இட்டு, விஜயதசமி முடிந்ததும் திரும்ப மச்சில் ஏற்றிவிடுவோம். வருஷா வருஷம் மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. கீழே இறக்கி, துணியால் துடைத்து, பிளக்கைச் செருகினேன். உம்மென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தட்டு சுற்றவில்லை. விரலால் ஒரு தள்ளு தள்ளினேன். முனகிக்கொண்டே அரைச் சுற்றுப் போய் நின்றது.

"அதுக்கும் ஒங்களுக்கும் ஒரே வயசு போலருக்கே" என்றாள் என் மனைவி. முப்பத்தெட்டு வருஷத்தில் அவளும் இந்த வீட்டு வழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

சாலை பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரன் டிவி மட்டும்தான் பார்ப்பானாம். இரண்டாவது கடைக்காரன் பெட்டியின் மூடியைத் தட்டிப் பார்த்து, "உள்ளே உள்ளதெல்லாம் களையலாம் சாமி, நல்ல மரம், கோவளத்து ஹோட்டலுக்குக் கொடுத்தா பூச்சட்டி வெப்பாங்க" என்று யோசனை சொன்னான். அவன் மூஞ்சியைப் பார்த்தால் பூச்சட்டிக்குக்கூட ஆகாது. மூன்றாவது கடைக்காரன்தான் கொஞ்சம் மனுஷன். வித்துராவில் ஒருத்தர் இருக்கிறார், அந்தக் காலத்தில் உற்சவத்துக்கெல்லாம் மைக் செட் கட்டியவர், உயிர் இருந்தால் அவரால்தான் ஆகும் என்றான். 'உயிர் இருந்தால்' என்றது பிளேயரையா அவரையா என்று நான் கேட்கவில்லை.

பழைய வேஷ்டியில் பிளேயரை மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு வித்துராவுக்குப் பஸ் ஏறினேன். நெடுமங்காடு தாண்டி வளைவுக்கு வளைவு அது என் தொடையை நசுக்கியது. பக்கத்தில் பொன்முடிக்குப் போகிற கூட்டம் ஒன்று, மலையைப் பார்க்கப் போகிறவர்கள் வழியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு யாரைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வந்தது.

மெக்கானிக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் இருந்தார். என் வயதுதான் இருக்கும். மலையாளி, ஆனால் போணக்காடு எஸ்டேட்டில் தமிழர்களுக்கு வருஷக்கணக்கில் மைக் செட் கட்டிக் கட்டித் தமிழ் பேசுவார். மூட்டையை அவிழ்த்ததும் தட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். முகர்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமி, இதுல எண்ணெ ஒழிச்சது ஆரு?"

"நான்தான் ஊத்தினேன். கிரீச் கிரீச்சுன்னு சத்தம் வரும், அதனாலே..."

"எந்த எண்ணெ?"

"தேங்காய் எண்ணெய்."

"எத்தற வருஷம்?"

"ஒரு... முப்பது வருஷம்."

எங்கள் வீட்டில் கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய்தான், தலைக்கும் அதுதான், வாணலிக்கும் அதுதான். பிளேயருக்கு வேறு ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிக் காட்டினார். எண்ணெய் எல்லாம் காய்ந்து பலாப்பிசின் மாதிரி இறுகியிருந்தது. பிறகு ஊசியிருக்கிற தலையைக் கழற்றி, கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதென்ன மஞ்சளா ஒட்டியிருக்கு?"

"சந்தனம். சரஸ்வதி பூஜைக்கு..."

"ஊசிக்கா சந்தனம் இட்டீங்க?"

"ஊசிக்குன்னு இல்லை. அந்தத் தலையிலே. பொட்டு மாதிரி."

அவர் லென்ஸை எடுத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்டெ பகவானே! சந்தனம் உள்ள போயி, காஞ்சு, ஊசியை ஒரு பக்கமா சாய்ச்சிருக்கு. ஊசியும் தேஞ்சு உளி மாதிரி ஆயிருக்கு. சாமி, நல்லவேளை நீங்க இதில ஒண்ணும் போடல்ல. போட்டா ரெக்கார்டு செத்துப்போகும்." பக்கத்துக் கடைக்காரரை வேறு கூப்பிட்டுக் காட்டினார். அவரும் குனிந்து பார்த்து, சந்தனத்தைத் தொட்டுப் பார்த்து, சிரித்துவிட்டுப் போனார். கழக்கூட்டத்துப் பையனின் பெட்டியைத் தேங்காய் துருவுகிற பெட்டி என்றவன் நான். மூக்கறுபட்டு, அசடு வழிய, மூங்கில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சிரித்து முடித்த பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். மோட்டாருக்கு ஒன்றும் இல்லை. பிசினையெல்லாம் கழுவி எடுத்து நல்ல கிரீஸ் போட வேண்டும். தட்டைச் சுற்றுகிற ரப்பர் சக்கரம் கல்லாகிவிட்டது, அதைத் தேய்த்துப் பதப்படுத்த வேண்டும். ஊசி மட்டும் வெளியே வாங்கித் தர வேண்டும். பத்து நாள் ஆகும். எந்த ரெக்கார்டுக்காக இவ்வளவு பாடு என்று கேட்டார். சொன்னேன். நான் அன்றைக்குச் சொன்ன வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

"அப்போ ஒரு காரியம் சாமி. அந்த ரெக்கார்டை வெச்சுப் பரீட்சை பண்ணாதீங்க. வேற எதையாவது போட்டுப் பாத்துக்கோங்க. இதை அக்கா வந்தப்புறம் போட்டா மதி, அது போதும்" என்றார். பிறகு, "இனி எண்ணெ ஒழிச்சா நான் பார்க்கமாட்டேன் கேட்டீங்களா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஊசியை மகன்தான் எங்கோ வெளிநாட்டுக் கடையில் தேடிப் பிடித்து வரவழைத்தான். பத்தாவது நாள் வித்துராவுக்கு என்னோடு அவனும் வந்தான். மெக்கானிக் புது ஊசியைப் பொருத்தி, கோடு போட்ட வட்டக் காகிதம் ஒன்றைத் தட்டின்மேல் வைத்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் சுற்ற விட்டார். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்குமாம். நின்றன. என் நாகஸ்வர ரெக்கார்டைப் போட்டார். தவில் விழுந்த இடத்தில் ஊசி அசையவில்லை. மகன் என் தோளில் தட்டினான். நல்லது நடக்கும்போது என்ன சொல்வது என்று எனக்குப் பழக்கமில்லை.

அக்கா வந்து இறங்கிய அன்று மத்தியானம்தான் இன்னொரு கூத்து. வாசலில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்து நின்றது. குண்டு வைத்த அந்த இரண்டாவது மாடலை மகன் எனக்குத் தெரியாமல் ஆர்டர் பண்ணியிருந்தான். "வித்துரா பிளேயர் கடைசி நிமிஷத்துல காலை வாரினா என்ன பண்ணுவே? ஒரு பேக்கப் வேண்டாமா?" என்றான். அக்கா முன்னால் சண்டை வேண்டாமென்று அதைப் பிரிக்காமலே மூலையில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் பூஜை வைப்பு. எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் புஸ்தகத்தையும் கருவியையும் பூஜையில் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கிற வரை யாரும் தொடக் கூடாது. என் மனைவி வழக்கம்போல அப்பாவின் பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டாள். நான் பார்த்தபோது கையில் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்துகொண்டிருக்கிறாள். நான் போட்ட கூச்சலில் அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"சந்தனம் வேண்டாம்! சந்தனம் வேண்டாம்!"

"சந்தனம் இல்லாம என்னன்னா பூஜை? ஒங்களுக்கு ஏதாவது ஆயிடுத்தா?" என்று மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கடைசியில் மூடியின்மேல் மட்டும் ஒரு பொட்டு என்று சமாதானமாயிற்று.

ஆக, பழைய பிளேயர் இரண்டு நாள் பூஜையில் மாட்டிக்கொண்டது. அக்கா கிளம்புவது விஜயதசமி அன்று காலை பத்து மணிக்கு. மூலையில் புதுசு சும்மா உட்கார்ந்திருக்கிறது. அது பூஜையில் வைக்காதது, எடுத்துப் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். "இன்னிக்கே போடுப்பா, அத்தை சாவகாசமா கேக்கட்டும்" என்று மகன் இரண்டு தரம் சொன்னான். நான் அசையவில்லை. அன்றைக்கு அந்தப் பாட்டை நான் கவிழ்த்தது அப்பாவின் பிளேயர் பாடும்போதுதான், அதனால் அதிலேயேதான் கேட்க வேண்டும் என்று பெரிய நியாயம் ஒன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பிளாஸ்டிக் பொம்மை என்று நான் வாயால் சொல்லிவிட்டேன், அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. அக்காவோடு கிடைத்த இரண்டு நாளை அந்த வீம்புக்குக் கொடுத்தேன்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தாயிற்று. ஆளுக்கு ஒரு வரி படிக்கவோ பாடவோ வேண்டும். அக்கா அன்றைய பேப்பரை எடுத்து ஒரு தலைப்பைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். நான் பிளேயரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, உறையோடு ரெக்கார்டை எடுத்தேன்.

"அட, இது இன்னும் இருக்கா?" என்றாள். கையில் வாங்கி உறையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் பெயர் போட்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள். "போடேன், கேப்போம்."

ஊசியை இறக்கினேன். கொஞ்சம் கரகரப்பு, தம்புரா, பிறகு அவள். எனக்கு எழுபது வயது ஆகப்போகிறது, எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன், எல்லாரையும் ஏதாவது சொல்லியிருக்கிறேன். இதில் சொல்ல ஒன்றும் இல்லை. அனுபல்லவியில் மேலே ஏறி, அங்கே கொஞ்சமும் பதறாமல் நின்று, கீழே இருக்கிறவர்கள் வரட்டும் என்பதுபோல் காத்திருந்து இறங்குகிறாள். இருபத்து மூன்று வயதுப் பெண்! என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகன் வாயைத் திறந்தபடி அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. ஊசிக் கையைத் தூக்கி வைத்தேன். அக்கா ரெக்கார்ட் உறையை மறுபடி திருப்பிப் பார்த்தாள்.

"ம். சுருதி சேர்ந்திருக்கு. மத்தபடி நீ அன்னிக்குச் சொன்னதுதான்" என்றாள். முகத்தில் கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"இல்லை அக்கா. நன்னாருக்கு. ரொம்ப நன்னாருக்கு."

"ஒனக்கு வயசாயிடுத்துடா. காதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்டக் காமி."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"போடா. நான் அதை மனசுல வெச்சுண்டிருக்கேன்னு நெனைச்சுண்டிருக்கியா இத்தனை நாளா? ரெண்டு நாள் வருத்தமாத்தான் இருந்தது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். அப்பா நன்னாருக்குன்னா பொண்ணுங்கற பாசம். வாத்தியார் நன்னாருக்குன்னா தன்னோட சிஷ்யைங்கற பெருமை. இந்தத் தெருவிலயே உள்ளதை உள்ளபடி சொல்றவன் நீ ஒருத்தன்தான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். நல்லவேளை சொன்னே. இல்லாட்டா நாக்பூர்ல நாலு பேர் முன்னால பாடி மானத்தை வாங்கிண்டிருப்பேன்."

எனக்கு நன்றி சொல்கிறாள். ஐம்பது வருஷமாக மனசுக்குள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். என் மனைவி அடுக்களை வாசலிலிருந்து, வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். அவள் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அக்கா, அது நிஜமில்லை. பாட்டு நன்னாத்தான் இருந்தது. அப்பவே எனக்குத் தெரியும். எல்லாரும் சிரிக்கணும்னு சொன்னேன்."

அவள் காபி டம்ளரை எடுக்கப் போனவள், கையை அப்படியே நிறுத்தினாள்.

"சிரிக்கணும்னா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாசலில் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் பெட்டிகளை எடுக்கலாமா என்று குரல் கொடுத்தான். அக்கா நாற்காலியைப் பிளேயருக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தரம் போடு" என்றாள், என்னிடம் இல்லை, என் மகனிடம்.